முதல் பிஸ்டலைக் கழற்றித் துடைத்து மாட்டுவது எப்படி?

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைச் சுத்தம் செய்வது கடினமான வேலை அல்ல. முதல் தடவை ஒரு மணி நேரம் இழுக்கும். கை பழகிவிட்டால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் எந்த எண்ணெய் நல்லது, எந்த பிரஷ் வாங்கலாம் என்ற கேள்விகளோடுதான் வருவார்கள். அதெல்லாம் இரண்டாம் பட்சம். துப்பாக்கிக்கென்று விற்கிற எந்த நல்ல எண்ணெயும் வேலையைச் செய்துவிடும். விபத்து நடப்பது வேறு இடத்தில். "காலிதானே" என்று நினைத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்தவரின் கையில்தான் துப்பாக்கி வெடிக்கிறது. அழுக்கு பிடித்த துப்பாக்கி அதிகபட்சம் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே முதலில் காலி செய்வதைப் பார்ப்போம், பிறகு கழற்றுவோம்.

அதற்கும் முன்னால் ஒன்று. பிஸ்டலோடு பெட்டியில் வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்லைடைக் (மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பாகம்) கழற்றும் முறை ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். இங்கே சொல்வது பெரும்பாலான பிஸ்டல்களுக்குப் பொருந்தும் பொது முறை. இதுவும் கையேடும் முரண்பட்டால் கையேடு சொல்வதே சரி. பழைய பிஸ்டலைக் கைமாற்றி வாங்கியிருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் கையேடு கிடைக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

காலி செய்வது

பிஸ்டலில் தோட்டா இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின், இன்னொன்று குண்டு பாயும் குழாயான பேரலின் பின்முனையில் உள்ள சேம்பர். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. சேம்பரில் ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாதபடி சில மாடல்களில் ஒரு ஏற்பாடு உண்டு. பெரும்பாலானவற்றில் அது கிடையாது. இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

வரிசை முக்கியம்:

1. முனையைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். குண்டு பாய்ந்தாலும் யார் மீதும் படாத திசைதான் பாதுகாப்பான திசை. மெல்லிய தடுப்புச் சுவர் குண்டைத் தடுக்காது. அதன் மறுபக்கம் ஆள் இருக்கலாம்.
2. விரல் டிரிக்கரில் இருக்கக் கூடாது. டிரிக்கர் வளையத்துக்கு வெளியே, ஃபிரேம் (பிடியும் டிரிக்கரும் உள்ள கீழ்ப்பகுதி) மீது நீட்டி வையுங்கள்.
3. முதலில் மேகசினை எடுங்கள். எடுத்ததைத் தள்ளி வையுங்கள்.
4. பிறகு ஸ்லைடை முழுவதுமாகப் பின்னால் இழுங்கள். சேம்பரில் தோட்டா இருந்தால் வெளியே வந்து விழும். அதைக் கையால் பிடிக்க முயலாதீர்கள், விழட்டும். இன்னும் இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள்.
5. ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்துங்கள். சேம்பருக்குள் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மேகசின் செருகும் குழியையும் பாருங்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். மனசு நிம்மதியாகும். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினின் அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிட்டுப் போயிருக்கும். அதன்பிறகு மேகசினை எடுத்தாலும் துப்பாக்கி நிறைந்தேதான் இருக்கிறது. காலி என்று நினைத்த துப்பாக்கி வெடித்த கதைகளில் பல இந்த வரிசைக் குழப்பத்தில் ஆரம்பித்தவை.

பார்ப்பதோடு நிறுத்தாமல் தொட்டும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழகிய வேலையில் கண் தான் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும். விளக்கு மங்கலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விரல் பொய் சொல்லாது.

இது முடிந்ததும் தோட்டாக்கள் எல்லாவற்றையும், மேகசினில் இருப்பவை உட்பட, அந்த அறையை விட்டே வெளியேற்றுங்கள். மேசையின் மறு ஓரம் போதாது, வேறு அறை. வேலை நடுவே தொலைபேசி வந்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் ஐந்து படிகளையும் மறுபடி செய்யுங்கள். நீங்களே காலி செய்த துப்பாக்கியாக இருந்தாலும் சரி.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் கழற்றும் முறையிலேயே இருக்கிறது. கிளாக் வகைப் பிஸ்டல்கள் சிலவற்றில் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன் டிரிக்கரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். அதாவது சேம்பரில் தோட்டா மிஞ்சியிருந்தால், கையேடு சொன்னபடி கழற்றும்போதே வெடிக்கும். பெரெட்டா 92, சிக் சாவர் பி320 போன்றவற்றில் டிரிக்கரைத் தொடாமலே கழற்றலாம். உங்களுடையது எந்த ரகம் என்று கழற்றும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இடம், கையுறை, ஈயம்

சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காரணம் ஈயம். பெரும்பாலான தோட்டாக்களின் ப்ரைமரில் (தட்டியதும் தீப்பற்றி மருந்தை மூட்டும் பகுதி) லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. குண்டின் உள்ளீடும் பெரும்பாலும் ஈயம்தான். சுட்டபின் பிஸ்டலுக்குள் படியும் கருப்புத் தூசியில் அந்த ஈயமும் கலந்திருக்கும். கரியைத் துடைத்த கையால் வடையை எடுத்துக் கடித்தால் அது நேரே வயிற்றுக்குப் போகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயத்தால் கேடு அதிகம்.

ஆகவே காற்றோட்டமான இடம், நைட்ரைல் கையுறை, மேசை மேல் தூக்கி எறியக்கூடிய விரிப்பு. வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். அழுக்குத் துணிகளைத் தனிப் பையில் கட்டிப் போடுங்கள். தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளுவது சுலபமாகத் தெரியும். அந்த ஈயத்தூசி அறை முழுக்கப் பரவி உங்கள் நுரையீரலுக்கே திரும்பும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் நன்றாக அழுத்தப்பட்டவை. 1911 வகைப் பிஸ்டலில் முன்பக்க மூடியைக் கவனக்குறைவாகத் திருப்பினால் அது பாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும்.

என்னென்ன வேண்டும்

பட்டியல் சிறியதுதான். உங்கள் காலிபருக்கு (பேரலின் உள்விட்ட அளவு) உரிய வெண்கல பிரஷ் ஒன்று (9 மி.மீ. பிஸ்டலுக்கு 9 மி.மீ. பிரஷ், பெரியது நுழையாது, சிறியது உராயாது). அதை மாட்ட ஒரு ராடு. துணி செருகும் கண்ணுள்ள முனை ஒன்று, சிறு பருத்தித் துணித் துண்டுகள். பழைய டூத் பிரஷ் மாதிரியான நைலான் பிரஷ். காட்டன் பட்ஸ். கரியைக் கரைக்கும் சால்வென்ட் ஒரு பாட்டில், துப்பாக்கி எண்ணெய் ஒரு சிறு பாட்டில். சுத்தம் செய்வது, வழுக்க வைப்பது, துருவிலிருந்து காப்பது மூன்றையும் சேர்த்துச் செய்யும் சி.எல்.பி. என்ற ஒரே திரவம் வாங்கினாலும் போதும். ஆரம்பிப்பவருக்கு அதுதான் என் பரிந்துரை. அதிகம் சுட ஆரம்பித்தபின் சால்வென்டையும் எண்ணெயையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

எஃகு பிரஷ் வேண்டாம். வீட்டில் இருக்கும் டபிள்யூ டி-40 போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. சிறிது நேரம் வழுக்கும், பிறகு ஆவியாகி மெல்லிய படிவம் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாளடைவில் பிசினாகிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். வண்டி பிரேக் துடைக்கும் ஸ்பிரேயும் அசிட்டோனும் சிலவகைப் பாலிமர் ஃபிரேம்களையும் குறிபார்க்கும் சைட்டில் பூசிய வண்ணப் புள்ளிகளையும் கெடுத்துவிடும்.

கழற்றுவது

சாதாரணச் சுத்தத்துக்குப் பிஸ்டலை ஐந்து பகுதிகளாகப் பிரித்தால் போதும்: ஃபிரேம், ஸ்லைடு, பேரல், ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் (அதன் தண்டோடு), மேகசின். ஃபிரேமுக்குள் இருக்கும் டிரிக்கர் பாகங்களையோ ஸ்லைடுக்குள் இருக்கும் ஸ்ட்ரைக்கரையோ (பாய்ந்து ப்ரைமரைத் தட்டும் பாகம்) பிடுங்க வேண்டாம். காணொளியில் ஒருவர் இரண்டு நிமிடத்தில் மொத்தத்தையும் பிரித்துப் போடுவார். அவருக்குத் திரும்ப மாட்டத் தெரியும்.

பொதுவாக ஃபிரேமின் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலோ இரு சிறு தாழ்களோ இருக்கும். அதைத் திருப்பியோ கீழே இழுத்தோ ஸ்லைடை முன்பக்கமாக நழுவ விட வேண்டும். ஸ்லைடைத் தலைகீழாகப் பிடித்தால் ரீகாயில் ஸ்பிரிங் கண்ணில் படும். அதைக் கட்டைவிரலால் லேசாக முன்னால் தள்ளிக்கொண்டே தூக்கி எடுங்கள், திடீரென்று விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் போனால் பேரலும் வெளியே வந்துவிடும். எடுத்த வரிசையிலேயே விரிப்பில் அடுக்குங்கள். ஸ்பிரிங்கை எடுக்கும் முன்பே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஸ்பிரிங்கின் எந்த முனை எந்தப் பக்கம் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும்.

வால்தர் பிபிகே, மகரோவ் போன்ற பிஸ்டல்களிலும் .22 காலிபர் பிஸ்டல்கள் பலவற்றிலும் பேரல் ஃபிரேமோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது கழன்று வராது, இழுத்துப் பார்க்காதீர்கள்.

பேரல்

முதலில் சால்வென்டில் நனைத்த துணித் துண்டைச் சேம்பர் பக்கமாக நுழைத்து முனைப் பக்கமாகத் தள்ளி வெளியேற்றுங்கள். குண்டு போகும் திசையும் இதுதான். பேரலின் முன்விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குண்டு வெளியேறும்போது அதன் பின்னால் வரும் வாயு ஒரு பக்கம் சாயும், குறி தவறும். அதனால்தான் முனைப் பக்கமிருந்து ராடு விடுவதைத் தவிர்க்கிறோம். பேரல் கழலாத பிஸ்டல்களுக்கு, சேம்பர் பக்கம் நுழைத்து முனைப் பக்கம் இழுக்கும் பிரஷ் பொருத்திய கயிறு வசதியானது.

நனைத்தபின் 5 முதல் 10 நிமிடம் சும்மா விடுங்கள். புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கரியைக் கரைப்பது சால்வென்டின் வேலை. நேரம் கொடுத்தால் கை வலிக்காது.

பிறகு வெண்கல பிரஷ்ஷில் சால்வென்ட் விட்டு முழுதாக உள்ளே தள்ளி, மறுமுனையில் முழுதாக வெளியே வந்தபின் திருப்பி இழுங்கள். நடுவில் திசை மாற்றினால் முட்கள் மடங்கி பிரஷ் பாழாகும். 8, 10 முறை போய் வந்தால் போதும். பிரஷ்ஷைச் சால்வென்ட் பாட்டிலுக்குள் முக்காதீர்கள், பாட்டில் முழுவதும் அழுக்காகிவிடும். மேலே சில சொட்டு விடுங்கள். பிறகு காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். முதலில் கரியாக வரும், பிறகு சாம்பல் நிறம். வெள்ளையாகவே வர வேண்டும் என்று நாள் முழுக்க உட்கார வேண்டியதில்லை. லேசான சாம்பல் போதும். சுட்டுத் தேய்ந்த பேரலைவிட, வெறி பிடித்துத் தேய்த்துத் தேய்ந்த பேரல் அதிகம் என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சேம்பரையும் அதற்குக் கீழே உள்ள சரிவையும் மறக்காதீர்கள். ஃபீட் ராம்ப் என்ற அந்தச் சரிவில் ஏறித்தான் தோட்டா மேகசினிலிருந்து சேம்பருக்குப் போகிறது. அதைத் துடைத்துப் பளபளப்பாக வையுங்கள். உப்புத்தாளோ அரமோ கொண்டு தேய்த்து அதன் கோணத்தை மாற்றிவிடாதீர்கள்.

செம்பு உறை போட்ட குண்டுகள் பேரலில் மெல்லிய செம்புப் படிவத்தை விட்டுப் போகும். 9 மி.மீ. குண்டு விநாடிக்கு 350 மீட்டர் அளவில்தான் போகிறது. ரைஃபிள் குண்டின் வேகத்தில் பாதிகூட வராது. அதனால் பிஸ்டலில் செம்பு மெதுவாகத்தான் சேரும். அம்மோனியா கலந்த செம்பு சால்வென்ட் வருடத்தில் ஓரிரு முறை போதும். அது செம்பைத் தொட்டதும் துணி நீலப் பச்சையாக வரும். அந்த நேரத்தில் வெண்கல பிரஷ் பயன்படுத்தினால் பிரஷ்ஷில் உள்ள செம்பும் கரைந்து நீலம் காட்டும், பேரல் எப்போது சுத்தமானது என்றே தெரியாது. நைலான் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் உள்ளே ஊற விடாதீர்கள். நிக்கல் பூச்சு உள்ள பிஸ்டலில் அம்மோனியாவே வேண்டாம்.

உறையில்லாத ஈயக் குண்டு சுடுபவர்களுக்குத் தொல்லை வேறு விதம். ஈயம் பேரலின் வரிகளில் அப்பிக்கொள்ளும். பொறுமையும் வெண்கல பிரஷ்ஷும்தான் மருந்து. வரிகளுக்குப் பதில் பலகோண வடிவில் உட்புறம் அமைந்த பேரல்களில் ஈயக் குண்டே வேண்டாம் என்று கிளாக் போன்ற தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாக்கள் மலிவாகக் கிடைத்து வாங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்தபின் விட்டுப்போகும் பொட்டாசியம் குளோரைடு ஒருவகை உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஒரே இரவில் பேரலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அன்றைக்கே பேரலைச் சூடான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன்பிறகு வழக்கமான சுத்தமும் எண்ணெயும்.

ஸ்லைடும் ஃபிரேமும்

ஸ்லைடில் மிக அழுக்கான இடம் தோட்டாவின் பின்பக்கம் வந்து உட்காரும் தட்டையான முகப்பு. அதன் நடுவே ப்ரைமரைத் தட்டும் ஃபயரிங் பின் எட்டிப் பார்க்கும் சிறு துளை இருக்கும். ஸ்லைடின் முன்முனை கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். அப்படிப் பிடித்தால் அழுக்குச் சால்வென்ட் துளைக்குள் இறங்காமல் வெளியே வழியும். அந்தத் துளைக்குப் பின்னால் உள்ள பாதை வறண்டே இருக்க வேண்டும். எண்ணெயோ சால்வென்டோ அங்கே போனால் கரித்தூசியோடு சேர்ந்து அரைத்த மாவு மாதிரி குழைந்து அடைத்துக்கொள்ளும், ஃபயரிங் பின் மெதுவாகப் போய் ப்ரைமரை லேசாகத் தட்டும், தோட்டா வெடிக்காது.

அந்த முகப்பின் ஓரத்தில் கொக்கி ஒன்று இருக்கிறதே, அது எக்ஸ்ட்ராக்டர். சுட்ட கூட்டைச் சேம்பரிலிருந்து பிடித்து இழுப்பது அதுதான். கொக்கியின் அடியில் பித்தளைத் துகளும் கரியும் சேர்ந்து இறுகியிருக்கும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். .22 சுடுபவர்கள் இதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அந்தத் தோட்டாவின் குண்டில் மெழுகுப் பூச்சு இருக்கும், அழுக்கு இரண்டு மடங்கு.

ஸ்லைடு ஓடும் தண்டவாளப் பள்ளங்களை காட்டன் பட்ஸால் துடையுங்கள். ஃபிரேமில் தெரிகிற இடங்களை மட்டும் துணியாலும் பிரஷ்ஷாலும் துடைத்தால் போதும், சால்வென்டை உள்ளே ஊற்ற வேண்டாம். ரீகாயில் ஸ்பிரிங்கைத் துடைத்து வைத்துவிடுங்கள்.

புதிய கிளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை பூசியிருக்கும். அழுக்கென்று நினைத்து வழித்து எடுத்துவிடாதீர்கள். ஆரம்ப நாட்களில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகுவதற்காக நிறுவனமே பூசி அனுப்பும் மசகு அது. மற்ற நிறுவனங்கள் அனுப்பும் பிஸ்டல்களில் பெரும்பாலும் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய தடித்த எண்ணெய் இருக்கும். அதை முதல் தடவை சுடும் முன்பே துடைத்துவிட்டு, முறையாக எண்ணெய் இட்டுத்தான் சுட வேண்டும்.

துடைக்கும்போதே கண்ணால் பரிசோதியுங்கள். பேரலின் பின்மேடு, முன்முனையின் அடிப்பக்கம் இவற்றில் வண்ணம் தேய்ந்து பளபளக்கும். அது இயல்பு. கோடு போல மெல்லிய விரிசல், உடைந்த மூலை, வளையம் போல வீங்கிய பேரல் இவற்றில் எதைப் பார்த்தாலும் சுடாதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் எங்கே, எவ்வளவு

புதியவர்கள் தப்பு செய்வது குறைவாக இடுவதில் அல்ல, ஊற்றுவதில். பிடியிலும் சைட்டிலும் எண்ணெய் வழிகிற பிஸ்டல் கையில் வழுக்கும், தூசியை இழுக்கும், முதல் சில குண்டுகளின்போது முகத்திலும் தெளிக்கும்.

எங்கே இடுவது என்பதைப் பிஸ்டலே காட்டும். ஜான் பிரவுனிங் 1911 பிஸ்டலில் பயன்படுத்திய அமைப்பின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை. சுட்டதும் பேரலும் ஸ்லைடும் பூட்டியபடியே சிறிது தூரம் பின்னால் போகும்; பிறகு பேரலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விலகும்; ஸ்லைடு மட்டும் மேற்கொண்டு பின்னால் போய்க் கூட்டை வீசும். இந்த ஓட்டத்தில் எந்த உலோகம் எதோடு உரசுகிறதோ அங்கே வண்ணம் தேய்ந்து பளபளக்கும். அந்தப் பளபளப்புக்குத்தான் எண்ணெய். உத்தேசமாக:

– ஸ்லைடின் ஒவ்வொரு தண்டவாளப் பள்ளத்திலும் ஒரு சொட்டு
– பேரலின் வெளிப்புறம், முன்முனையைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சு
– பேரலின் பின்மேட்டிலும் அது ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் விளிம்பிலும் ஒரு சொட்டு
– பேரலின் அடியில் உள்ள சாய்வுப் பகுதியில் ஒரு சொட்டு
– டிரிக்கர் தண்டு மற்ற பாகத்தைத் தொடும் இடத்தில், கையேடு சொல்லியிருந்தால், ஒரு சொட்டு

விரலால் தடவிப் பரப்புங்கள். வழிந்தால் துடைத்துவிடுங்கள். சேம்பர், ஸ்லைடு முகப்பு, ஃபயரிங் பின் பாதை, மேகசினின் உள்பக்கம் இந்த நான்கும் வறண்டிருக்க வேண்டும்.

எண்ணெயா கிரீஸா என்ற சண்டை முடியவே முடியாது. தண்டவாளங்களில் கிரீஸ் நின்று பிடிக்கும், கடும் குளிரில் இறுகும். எண்ணெய் எல்லா இடத்திலும் வேலை செய்யும், ஆனால் வடிந்துவிடும். சூடான ஊரில் வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கிற பிஸ்டலுக்குத் தண்டவாளத்தில் மட்டும் துளி கிரீஸ், மற்ற இடத்தில் எண்ணெய் என்பது என் ஓட்டு.

மேகசின்

பிஸ்டல் மக்கர் செய்தால் முதல் சந்தேகம் மேகசின் மேல்தான் விழ வேண்டும், ஆனால் சுத்தம் செய்யும்போது பலரும் அதைத் தொடுவதே இல்லை. அடித்தட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் பாயும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே தட்டை நகர்த்துங்கள். ஸ்பிரிங்கும் தோட்டாவைத் தூக்கும் பிளாஸ்டிக் மேடையும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கவனியுங்கள். உள்ளே காய்ந்த துணி அல்லது பிரஷ் விட்டுத் துடைத்து அப்படியே மாட்டுங்கள். எண்ணெய் வேண்டாம். மணல் தரையில் மேகசினை விழவிட்டுப் பயிற்சி செய்தால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் எப்போதாவது போதும்.

மேல்விளிம்புகள் வளைந்தோ விரிந்தோ இருந்தால் அந்த மேகசினைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மேகசின் இருந்தால் அடித்தட்டில் எண் எழுதி வையுங்கள். தோட்டா சிக்குகிறது என்றால் அது எப்போதும் 2-ஆம் எண்ணில்தான் என்று தெரிந்துவிடும், பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டி வராது. நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நல்ல ஸ்பிரிங் அழுந்தியே கிடப்பதால் தேய்வதைவிட, அழுந்தி அழுந்தி விரிவதால்தான் அதிகம் தேய்கிறது.

மாட்டிச் சோதிப்பது

கழற்றியதன் தலைகீழ் வரிசையில் மாட்டுங்கள். ஸ்லைடைக் கட்டாயப்படுத்தித் தள்ள வேண்டியிருந்தால் ஏதோ தப்பாக உட்கார்ந்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ரீகாயில் ஸ்பிரிங்கின் தண்டு தன் பள்ளத்தில் உட்காராமல் இருக்கும்.

தோட்டா இன்னும் வேறு அறையில்தான் இருக்கிறது. சேம்பரை மறுபடி பாருங்கள். முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து ஸ்லைடைச் சில முறை இழுத்துவிடுங்கள். எண்ணெய் பரவும், எங்கும் உரசல் இல்லையா என்றும் தெரியும். டிரிக்கரை அழுத்துங்கள், ஹேமரோ (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தி) ஸ்ட்ரைக்கரோ டக்கென்று விழ வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு, டிரிக்கரை மெதுவாக முன்னால் விடுங்கள். ஒரு கிளிக் கேட்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி விழ வேண்டும். சேஃப்டி உள்ள பிஸ்டலில் அதைப் போட்டு அழுத்திப் பாருங்கள், விழக் கூடாது. காலி மேகசினைச் செருகி ஸ்லைடை இழுத்தால் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். இதில் எது தவறினாலும் சுடக் கூடாது.

சென்டர்ஃபயர் பிஸ்டல்களில் (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் ப்ரைமர் உள்ள ரகம்) பெரும்பாலானவை இப்படி வெறுமையாக அழுத்துவதைத் தாங்கும். .22 பிஸ்டல்களில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பரின் விளிம்பில் மோதிச் சேதப்படுத்தலாம். அவற்றுக்கு டம்மி தோட்டா வைத்துச் சோதிப்பது நல்லது.

எப்போது செய்வது, எங்கே வைப்பது

சுட்டு வந்த அன்றே துடைத்துவிட்டால் கரி இறுகாது, வேலை சுலபம். ஒருநாள் தள்ளிப் போட்டால் உலகம் முழுகிவிடாது, பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தாலொழிய. சுடாமல் வைத்திருக்கும் பிஸ்டலையும் மாதம் ஒருமுறை காலி செய்து, வெளியே எண்ணெய்த் துணியால் துடைத்து, தண்டவாளத்தில் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். இடுப்பில் வைத்துச் செல்பவர்களுக்கு வியர்வை உப்பும் துணிப் பஞ்சும் எதிரி; அவர்கள் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ரீகாயில் ஸ்பிரிங் காலப்போக்கில் தளரும். எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது கையேட்டில் இருக்கும், அதனால் சுட்ட எண்ணிக்கையைச் சிறு நோட்டில் குறித்து வையுங்கள்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்புக் கருவி) பொருத்தியிருந்தால் அதன் கண்ணாடியில் சால்வென்ட் படக் கூடாது. லென்ஸ் துணி மட்டும். திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, இறுக்கியதும் திருகின் மேலும் உடம்பின் மேலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகினால் திருகு நகர்ந்திருக்கிறது.

தோல் உறைக்குள் வைத்தபடியே மாதக்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பதப்படுத்திய ரசாயனமும் அதில் இருக்கும். உறை தொட்ட இடத்திலெல்லாம் துரு வரும். பஞ்சு வைத்த பெட்டியும் நீண்ட நாளுக்கு ஆகாது. பூட்டிய இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், தோட்டாக்கள் தனியாகப் பூட்டிய வேறு இடத்தில். எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டத்தில் தனி விதி இருந்தால் அதுதான் குறைந்தபட்சம். சிலிக்கா ஜெல்லின் மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

நீண்ட நாள் கழித்துச் சுடப் போகும்போது, கிளம்புவதற்கு முன் காலியான பிஸ்டலின் பேரலில் ஒரு காய்ந்த துணியைத் தள்ளி வெளியேற்றுங்கள். காப்புக்காகத் தடவிய எண்ணெய் போகும். போன தடவை மறந்துவிட்ட துணித் துண்டு ஏதாவது உள்ளே இருந்தால் அதுவும் வெளியே வரும். வெளிச்சத்தைப் பார்த்துப் பேரலைப் பிடித்தால் மறுமுனை வட்டமாகத் தெரிய வேண்டும். சுடும்போது ஒரு ரவுண்டு வழக்கத்தைவிட மெல்லிய சத்தத்தோடு வெடித்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, கழற்றி, பேரலைப் பாருங்கள்.